முப்பத்தொன்பது டிகிரி

வாரா வாரம் இந்த வீட்டை எட்டிப் பார்ப்பவர்களுக்கு அந்தப் பழைய ஸ்கூட்டரைத் தெரிந்திருக்கும். காலை எட்டேகாலுக்குக் கிளம்பும். ஓட்டுகிறவர் மாமனார், பின்னால் மருமகள். கல்லூரிக்கு ஒரு தெரு முன்னால், ஜெராக்ஸ் கடை மூலையில் வண்டி நிற்கும். மருமகள் இறங்கி மிச்ச தூரத்தை நடப்பாள்.

லெக்சரர் ஒருத்தி ஆய்வக உதவியாளரின் வண்டியில் வந்து இறங்கினால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்பது மாமனாரின் கட்சி. மாமனார் வண்டியில் மருமகள் வந்தாள் என்று நினைப்பார்கள், வேறென்ன என்று அவளும் சொல்லிப் பார்த்துவிட்டாள். எடுபடவில்லை.

கல்லூரிக்குள் அவர் அவளை 'மேடம்' என்பார். அவள் அவரை 'சார்' என்பாள். மாணவர்களுக்கு அவர் 'லேப் அண்ணன்'. முப்பது வருடமாக அண்ணனாகவே இருக்கிறார், தலை முழுக்க நரைத்த பிறகும் யாரும் பதவி உயர்வு கொடுக்கவில்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே மாமனார் வீட்டில் ஒரு சட்டம் போட்டார். செருப்போடு சேர்த்து கல்லூரியையும் வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். வினாத்தாள், மதிப்பெண், யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள், எதுவும் உள்ளே வரக்கூடாது. அவளுக்கும் அது பிடித்திருந்தது. ஆய்வக உதவியாளர் தன் கணவனின் அப்பா என்று முதல் வாரமே முதல்வருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவள் அவள்.

சட்டத்தால் நஷ்டப்பட்டது மாமியார் மட்டும்தான். வீட்டிலிருந்து இரண்டு பேர் ஒரே கல்லூரிக்குப் போகிறார்கள், சாயந்திரம் ஒரு வம்புகூட வீடு வந்து சேர்வதில்லை என்பது அவருடைய நிரந்தரக் குறை. மகன் வெளியூரில் பாலம் கட்டும் வேலையில் இருக்கிறான், சனிக்கிழமைதான் வருவான். அவன் கொண்டுவரும் பாலத்து வம்பு மாமியாருக்கு ருசிப்பதில்லை.

இந்த வாரம் இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன. மருமகளின் இரண்டு வருடத் தகுதிகாண் காலம் இந்த மாதம் முடிகிறது, அவளை நிரந்தரமாக்கலாமா என்று துறைத் தலைவர் எழுதும் அறிக்கை இந்த வெள்ளிக்கிழமை முதல்வரிடம் போகிறது. இது ஒன்று. இயற்பியல் ஆய்வகத்துக்குப் புதிதாக எட்டு பிரிசங்கள், அதாவது பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் பார்த்த அந்த முக்கோணக் கண்ணாடிகள், பெட்டியில் வந்து இறங்கின. இது மற்றொன்று.

இறுதியாண்டு செய்முறைத் தேர்வுக்குப் புதியவற்றையே வைக்கச் சொல்லிவிட்டார் துறைத் தலைவர். உள்தேர்வாளர் அவள்தான். செவ்வாய்க்கிழமை சாயந்திரம், மாமனார் கிளம்பிப் போன பிறகு, தன் கையாலேயே எட்டு மேஜைகளிலும் புதுக் கண்ணாடிகளை வைத்தாள். பழையவற்றைப் பொருளறை அலமாரியில் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

இரவுச் சாப்பாட்டின்போது, 'மாமா, லேப்ல கண்ணாடிய மாத்தியாச்சு' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. சட்டம் நினைவுக்கு வந்தது. சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கிவிட்டாள்.

மறுநாள் புதன்கிழமை, தேர்வு.

ஒன்பதரைக்கு ஆரம்பம். வெளித்தேர்வாளராக வந்திருந்தவர் வேறொரு கல்லூரியின் மூத்த பேராசிரியை. தண்ணீர் பாட்டில், பூதக்கண்ணாடி, சிவப்புப் பேனா மூன்றையும் வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தார். பிஸ்கட் தட்டை நீட்டியபோது வேலை முடியட்டும் என்று தள்ளி வைத்தார். மருமகளுக்கு அவரைப் பார்த்தவுடன் கொஞ்சம் பயமாக இருந்தது, நிறையப் பிடித்தும் போயிற்று.

சோதனை சிக்கலானது இல்லை. மஞ்சள் விளக்கின் ஒளி கண்ணாடி வழியாகப் போகும். தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு கண்ணாடியை மெல்லத் திருப்பினால், மஞ்சள் கோடு ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போய், ஓர் இடத்தில் நின்று, வந்த வழியே திரும்பும். அது நிற்கும் இடத்தில் கோணத்தைப் படிக்க வேண்டும். கோணம் கண்ணாடியின் குணத்தைப் பொறுத்தது. பழைய கண்ணாடிக்கு முப்பத்தொன்பது டிகிரி வரும். புதியது வேறு ரகம், அதற்கு நாற்பத்தெட்டு.

பதினொரு மணிக்கு அவள் மேஜை மேஜையாகப் பார்த்துக்கொண்டு போனாள். முதல் மேஜைப் பையன் முப்பத்தொன்பது என்று எழுதியிருந்தான். பாவம், தவறாகப் பார்த்துவிட்டான் என்று நினைத்தாள். இரண்டாவது மேஜையிலும் முப்பத்தொன்பது. மூன்றாவதிலும் அதே எண்ணைப் பார்த்தபோது, இது தவறிப் பார்த்தது இல்லை என்று புரிந்தது.

நான்காவது மேஜையில், விளக்கின் அடியிலிருந்து ஒரு தாள் நுனி எட்டிப் பார்த்தது. அவள் அதை இழுத்துப் பார்க்கவில்லை. அதில் என்ன இருக்கும், யார் கையெழுத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தத் துண்டுத்தாளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. இருபது வருடம் முன்பு கருவிகளின் அளவுகோல்கள் தேய்ந்து எண்ணே தெரியாமல் போனபோது, மாற்றித் தரச் சொல்லி லேப் அண்ணன் எழுதிக் கொடுத்த கடிதங்கள் போன இடம் தெரியவில்லை. அந்த வருடம் ஒரு மாணவி எண் தெரியாமல் அழுது, பாதித் தேர்வில் எழுந்து போய்விட்டாள். அடுத்த வருடத்திலிருந்து விளக்கடியில் விடை எழுதிய துண்டுத்தாள் வந்தது. அதற்காக அவர் யாரிடமும் ஒரு பேனா ரீஃபில்கூட வாங்கியதில்லை. நாலு வருடம் முன்பு கருவிகளெல்லாம் சரியாகிவிட்டன, ஆனால் அவருடைய கைப்பழக்கம் நிற்கவில்லை.

இன்றும் காலையில் வந்த கையோடு எட்டு விளக்குகளையும் தூக்கித் தூக்கி வைத்திருக்கிறார். பிரிசத்தைக் கையில் எடுத்திருந்தால் அதன் கனமே காட்டிக் கொடுத்திருக்கும். அவர் விளக்குகளை மட்டும்தான் தொட்டார்.

ஆறாவது மேஜையில் இருந்தவளை வகுப்பில் எறும்பு என்று கூப்பிடுவார்கள். சின்ன உருவம், எப்போதும் எதையாவது செய்துகொண்டே இருப்பாள். அவள் தாளைப் பார்த்து மருமகள் நின்றுவிட்டாள். மூன்று முறை கோணம் எடுத்து மூன்று முறையும் நாற்பத்தெட்டு என்று எழுதியிருந்தாள். பிறகு மூன்றின் மேலும் அளவுகோல் வைத்துக் கோடு இழுத்து, பக்கத்தில் முப்பத்தொன்பது என்று எழுதியிருந்தாள்.

ஏன் அடித்தாய் என்று மட்டும் கேட்டாள்.

எறும்பு தலையை நிமிர்த்தவில்லை. "என் கண்ணுலதான் ஏதோ தப்பு மேடம்," என்றாள்.

பன்னிரண்டரைக்குத் தாள்கள் கைக்கு வந்தன. வெளித்தேர்வாளர் எட்டையும் விசிறி மாதிரி பரப்பிப் பார்த்தார். எட்டிலும் ஒரே விடை. உங்கள் பிள்ளைகளுக்கு நல்ல ஒற்றுமை என்றார். சாப்பிட்டுவிட்டு வந்து இரண்டு மணிக்கு ஒவ்வொரு கண்ணாடியாகத் தானே அளந்து பார்க்கப் போவதாகவும், அது தன் வழக்கம் என்றும் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

மருமகள் பொருளறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கத் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் மாமனார் வந்தார். எறும்பின் பக்கத்து மேஜைப் பையன் அவரிடம் ஓடிப்போய், அண்ணே, கோடு நீங்கள் சொன்ன இடத்துக்கு வரவே இல்லையே, ஆனாலும் நீங்கள் கொடுத்ததையே எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறான். அவர் போய் ஒரு பிரிசத்தைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார்.

"மேடம், அலமாரிச் சாவி வேணும்," என்றார்.

"எதுக்கு சார்?"

அவர் கதவைச் சாத்தினார். முகம் வெளிறிப் போயிருந்தது. "அம்மா," என்றார். இந்தக் கட்டடத்துக்குள் அவர் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "பழைய கண்ணாடிய எடுத்து மேஜையில வச்சிட்டா எட்டுப் பிள்ளைங்க எழுதினதும் சரியாயிடும். அஞ்சு நிமிஷ வேலை. நீ எதையும் தொட வேண்டாம். சாவிய மறந்துட்டுப் போன மாதிரி இங்க வச்சிட்டுப் போ."

தனக்காகக் கேட்கவில்லை என்றார். மூன்று மாதத்தில் ஓய்வு பெறப் போகிறவன் தான், தன்னை யார் என்ன செய்துவிட முடியும். பிள்ளைகள் எட்டும் தோற்றால் ஒரு வருடம் போய்விடும், அதில் இரண்டு பேருக்கு வேலைக்கான உத்தரவே வந்துவிட்டது என்றார். அவர் சொன்னது உண்மை என்று அவளுக்குத் தெரியும். பொய் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எட்டு மேஜை, எட்டுக் கண்ணாடி. யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை அறிக்கையும் ஒரு கீறல் இல்லாமல் போகும். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் கை பைக்குள் போய்ச் சாவியைத் தொட்டது. எறும்பு அளவுகோல் வைத்து இழுத்த மூன்று கோடுகளும் அவள் கண் முன்னால் வந்தன. கையை வெளியே எடுத்துக்கொண்டாள்.

"எறும்பு சரியாப் பார்த்திருந்தா மாமா. மூணு தடவையும் நாற்பத்தெட்டு. பக்கத்துல இருக்கறவங்க எழுதினதப் பார்த்துட்டு அடிச்சிட்டா. தன் கண்ணுலதான் தப்புங்கறா."

மாமனார் மரப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, சண்டைக்கு வருகிற குரலில் இல்லை, கெஞ்சுகிற குரலில், எல்லாப் பிள்ளைகளும் அவளைப் போல இருக்குமா என்று கேட்டார்.

பிறகு அவர் ஒரு பழைய கதையை ஆரம்பித்தபோதே எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான கதை. அவள் இதே ஆய்வகத்தில் தேர்வு எழுதிய வருடம், வகுப்பே முப்பத்தொன்பது என்று எழுதியிருக்க, அவள் ஒருத்தி மட்டும் முப்பத்தெட்டரை என்று எழுதியிருந்தாள். தேய்ந்துபோன அளவுகோலில், துண்டைத் தொடாமல், சொந்தக் கண்ணால் பார்த்து எழுதிய ஒரே பெண் என்று அன்றே வீட்டில் போய்ச் சொன்னாராம். இரண்டு வருடம் கழித்து மகனுக்குப் பெண் பார்க்கும் பேச்சு வந்தபோது, எனக்கு ஒரு பெண்ணைத் தெரியும் என்று முதலில் வாயைத் திறந்தவரும் அவர்தான். துண்டு என்ற இடத்தை மட்டும் நீக்கிவிட்டு, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்த அரை டிகிரியின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"உன் மேஜையிலயும் இருந்துச்சும்மா. நீ தொடல. தேவைப்படாதவங்க தொட மாட்டாங்க. முடியாததுங்களுக்குத்தான் வைக்கறேன்."

பத்து வருடமாக அவள் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. ஒவ்வொரு முறையும் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்.

"நான் பார்க்கல மாமா," என்றாள். "கோடு நழுவிக்கிட்டே இருந்துச்சு. கை நடுங்கி எதையும் பிடிக்க முடியல. துண்டைப் பார்த்துதான் எழுதினேன். எல்லாரும் ஒரே மாதிரி எழுதினா நம்ப மாட்டாங்கன்னு அரை டிகிரி குறைச்சுப் போட்டேன்."

வெளியே யாரோ வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. மாமனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"ரொம்ப நடுங்குச்சா?" என்று கேட்டார்.

அவள் தலையாட்டினாள். கண்ணிலிருந்து வந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"நான் கிட்ட வந்து, பயப்படாத, மெதுவாத் திருப்புன்னு சொல்லியிருந்தா நீயே பிடிச்சிருப்ப. நான் துண்டை வச்சிட்டுத் தள்ளிப் போய் நின்னுட்டேன்." பிறகு அவருக்கே உரிய பாதிச் சிரிப்பு வந்தது. "அப்ப அரை டிகிரிக்கு ஏமாந்துதான் உன்ன வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"இனிமே திருப்பி அனுப்ப முடியாது மாமா."

"அனுப்பினா உங்க அத்தை என்னையும் சேர்த்துல்ல அனுப்பிடுவா," என்று எழுந்தார். சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வெளித்தேர்வாளரின் அறைப் பக்கம் நடந்தார். அந்த நடையைப் பார்த்தபோது அவளுக்கு அவர் மேல் பொங்கிக்கொண்டு வந்ததற்குப் பாசம் என்பதைத் தவிர வேறு பெயர் எதுவும் இல்லை.

அவளும் பின்னாலேயே போனாள். மாமனார் சொன்னதை வெளித்தேர்வாளர் முழுக்கக் கேட்டார். குறுக்கே பேசவில்லை. கேட்டு முடித்ததும் வரிசையாக வேலைகளைச் சொன்னார். பிள்ளைகள் இன்னும் வளாகத்தில்தான் இருக்கிறார்கள், எட்டுப் பேரும் மூன்று மணிக்கு மறுபடி சோதனையைச் செய்யட்டும். தவறு அவர்கள் தலையில் விழ வேண்டாம், மறு சோதனையின் மதிப்பெண்ணையே பதிவு செய்ய முதல்வரிடம் தானே எழுதிக் கேட்கிறேன் என்றார். மேற்பார்வைக்கு வேதியியல் துறையிலிருந்து ஒருவர் வருவார். லேப் அண்ணனும் மருமகளும் ஆய்வகத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. நடந்ததை லேப் அண்ணன் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், மருமகள் சாட்சிக் கையெழுத்து. தாள் நாளைக் காலை முதல்வர் மேஜைக்குப் போகும்.

மாமனார் எழுதினார். துண்டுத்தாள்களில் எண்களை மட்டுமே எழுதிய கை, நிறுத்தி நிறுத்தி ஒரு பக்கம் எழுதி முடித்தது. இருபது வருடம், எட்டு மேஜைகள், தன் ஒருவனின் பொறுப்பு. எல்லாம் இருந்தது. எழுதி முடித்து இரண்டு கையாலும் நீட்டினார்.

வெளித்தேர்வாளர் கடைசி வரியைச் சத்தமாகப் படித்தார். "இந்தப் பழக்கம் பற்றி உள்தேர்வாளருக்கு எந்தக் காலத்திலும் எதுவும் தெரியாது." பூதக்கண்ணாடியை மேஜையில் வைத்துவிட்டு மருமகளைப் பார்த்தார். "சரிதானே?"

மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் காது நுனி சிவந்திருப்பதை அவள் பார்த்தாள். மனிதருக்குத் தனக்காகப் பொய் சொல்ல வராது, இன்றைக்கு அவளுக்காக எழுதிவிட்டார்.

அவள் தலையை ஆட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை அறிக்கை அதன் பாட்டுக்குப் போய்விடும். இரண்டு வருடமாக இந்த ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். துண்டு நின்றுவிட்டதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வீட்டில் கல்லூரிப் பேச்சு கூடாது, கல்லூரியில் அவர் வெறும் சார். கேட்காமல் இருக்க எவ்வளவு வசதியாக இருந்தது என்று இப்போது நினைக்கையில் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"கடைசி வரி சரியில்ல மேடம்," என்றாள். "எனக்குத் தெரியும். நான் இங்க படிச்சப்போ என் மேஜையிலயும் இருந்துச்சு. அதப் பார்த்துதான் நான் பாஸ் பண்ணினேன்."

வெளித்தேர்வாளர் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். சொன்னது இந்த அறைக்குள்ளேயே இருக்கலாம் என்றும், தாளில் ஏறிவிட்டால் அவளுடைய பட்டம், வேலை இரண்டைப் பற்றியும் கேள்வி வரும், பதில் சொல்வது தன் கையில் இல்லை என்றும் மெதுவாகச் சொன்னார். அவர் குரலில் அன்று முதல் முறையாக ஓர் அம்மாவின் சாயல் இருந்தது.

"தெரியும் மேடம். எனக்கு இன்னொரு தாள் வேணும்."

மாமனார் ஜன்னலை விட்டுத் திரும்பினார். வேண்டாம் என்று சொல்வார் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். சொல்லப் போனவர் மாதிரி வாயும் திறந்தது. பிறகு அவர் அந்த அறை அலமாரிப் பக்கம் போய், அடுக்கிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி, மடிப்பில்லாமல் நீவி, அவள் முன்னால் வைத்தார். அவள் விரல்கள் நடுங்குவதைப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"பயப்படாம மெதுவா எழும்மா," என்றார். "நான் இங்கதான் இருக்கேன்."

அவள் முதலில் தேதியை எழுதினாள். வெள்ளிக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.